ஓர்கன் வாசித்தவர்

1996 மார்ச் 3, ஞாயிறு

அல்பேட்டின் இசைத்தட்டுகளை நான் குப்பையில் போடவில்லை.

இதை இன்று தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போதே மரியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் என் வலப்பக்கம் நின்று, புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் காது எனக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். நான் திரும்பி நின்றது தெரியாது.

"அல்பேட் மாஸ்ரர் கண்ணை மூடி வருசம் திரும்பேல்லை, அந்தாளின்ரை பாட்டுத்தட்டு முழுக்கக் குப்பையிலை. மனுசிக்கு உதுகள் பிடியாதாம்."

பிடிக்காது என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவைக்கிறேன். அவர் போன அடுத்த ஆண்டு நான் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தேன். ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்த வீட்டை விற்று, மார்க்கம் என்ற ஊரில் தன் வீட்டில் என்னை வைத்துக்கொள்ள மகன் கஸ்பர் தீர்மானித்திருந்தான். நான் வரும்போது நிலவறை துடைத்துக் கழுவியதுபோலக் கிடந்தது. வாசலில் பழைய சாமான்களைப் பரப்பிக் கராஜ் சேல் போட்டிருக்கிறான். இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தொப்பிக்கார வெள்ளையன் ஒருவன் வான் வண்டியில் ஏற்றிப் போனானாம். "ஆருக்கம்மா இனி உது? போட்டுக் கேக்கிற மிசினே பழுது," என்றான் கஸ்பர். அன்று இரவு வீட்டில் பீற்சா. அந்தக் காசில்தான் வாங்கியிருப்பார்கள்.

அந்தப் பெட்டிகளில் இருந்தவற்றில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் கணவர் ஓர்கன் வாசித்தது இந்த உலகத்தில் அந்த ஒரு தட்டில் மட்டும்தான் பதிவாகியிருந்தது.

மரியம்மாவுக்கு இதில் எதுவும் விளங்காது. எனக்கும் விளங்கப்படுத்தும் உத்தேசம் இல்லை.

மார்ச் 5

காது வைத்தியரிடம் போனேன். இடது காதும் இறங்கிக்கொண்டு வருகிறது. "எவ்வளவு காலம் நிற்கும்?" என்று கேட்டேன். இளம் பெண், தோளைக் குலுக்கினாள். நிற்கவும் கூடும், ஒரு நாள் சொல்லாமல் போகவும் கூடும் என்றாள். வைத்தியருக்குப் படித்தவர்கள் தோளைக் குலுக்கலாமா?

காது மெசினை இறுக்கித் தந்தாள். எல்லாரும் தகரத்துக்குள் இருந்து பேசுகிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

நாலு மணிக்கு ஊர்ச் செய்தி வாசிக்கும் தமிழ் நிகழ்ச்சியைத் தேடி வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்து எத்தனை மாதம். வழியில் ஏதோ பல்கலைக்கழக வானொலி அகப்பட்டது. கறுப்பினப் பெண் ஒருத்தி பாடுகிறாள், குரலுக்குக் கீழே ஓர்கன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மெசினைக் கழற்றிவிட்டு இடது காதை வானொலியோடு ஒட்டவைத்தேன்.

அவர்.

1970ஆம் ஆண்டு, மாசி மாதம். ரெக்ஸ்டேல் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஜமேக்காக்காரரின் கோயிலில் ஓர்கன் வாசிப்பவர் நோயாகிவிட, இவர் சில மாதம் போய் வாசித்தார். யாழ்ப்பாணத்தில் பெரிய கோயிலில் வாசித்தவருக்கு அது என்ன பெரிய காரியம்? அங்கே பாடிய பெண் வேர்னா விற்லொக். அவளுடைய அண்ணன் காசு சேர்த்து டண்டாஸ் வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலிருந்த பதிவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்தான். ஞாயிறு பூசை முடிந்து கோட்டும் ரையுமாகப் போனோம். நான் கண்ணாடிக்கு வெளியே பனிச் சப்பாத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டின் பெயர் 'நொற் பிபோர் சண்டே'.

பாட்டு முடிந்து எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். இவர் எடுக்கவில்லை. கோயிலில் ஆமென் சொல்லும்போது வாசிக்கிற இரண்டு நீண்ட சுரங்களை வாசித்தார். முதலாவதை விட்டு, இரண்டாவதற்குச் சற்றுப் பிந்தி வந்தார். அவருடைய பழக்கம் அது. கொன்வென்ற் பாடகர் குழுவில் நின்ற காலத்தில் அந்த இரண்டாவது சுரம் வருமட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "மாஸ்ரர், நேரத்துக்கு வாருங்கள்" என்று அவருக்குச் சொல்லத் துணிந்தவளும் நான் ஒருத்திதான். சிரித்துவிட்டு அடுத்த ஞாயிறும் பிந்தினார். கலியாணம் முடித்த பிறகும் பிந்தினார்.

தட்டு விற்கவில்லை. அண்ணன்காரனின் நிலவறையில் வெள்ளம் புகுந்து, அச்சடித்து வைத்திருந்த தட்டெல்லாம் ஒட்டிப்போனது. வேர்னா ஜமேக்காவுக்குத் திரும்பினாள், அங்கேயே போய்ச் சேர்ந்தும்விட்டாள். எங்களிடம் ஒன்று இருந்தது.

இன்று அந்த இரண்டு சுரத்துக்காகக் காத்திருந்தேன். முதலாவது வந்தது. உடனே அறிவிப்பாளன் பேசத் தொடங்கிவிட்டான்!

பேசியதும் பிழை. பாடியது 'சில்வர் ரோப்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவாம். பாட்டு 'ரன் மீ ஹோம்' ஆம். இரண்டும் பிழை. சுத்தப் பிழை.

மார்ச் 18

பேபியை வரச்சொன்னேன். அல்பேட்டின் தங்கை, அஜின்கோர்ட்டில் இருக்கிறாள், கார் ஓட்டுவாள், எதற்கும் சிரிப்பாள். வானொலி நிலையத்துக்கு அழைத்து அந்த அறிவிப்பாளனைப் பிடித்தோம். டெறிக் என்று பெயர், வட இங்கிலாந்துக்காரன். நான் மேல்மாடித் தொலைபேசியில், பேபி கீழே. எனக்குக் கேட்காமல் போன வார்த்தைகளை அவள் பிறகு சொல்லித் தந்தாள்.

அவன் அறியாமல் பிழைவிடவில்லையாம். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறான். சோல் என்கிற இந்தப் பழைய கறுப்பினப் பாட்டுகளின் தட்டுச் சேர்க்கிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கமாம். வேறு எவரிடமும் இல்லாத தட்டு ஒருவனிடம் அகப்பட்டால், நடுவிலுள்ள பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவான். பொய்ப் பெயர் ஒன்றைக் கட்டி வானொலியிலும் ஆடுமிடத்திலும் அந்தப் பெயரையே சொல்வான். உண்மைப் பெயர் தெரிந்தால் மற்றவர்கள் தேடிப் பிடித்துவிடுவார்களே. தெரியாதவரைக்கும் அந்தப் பாட்டைக் கேட்க எல்லாரும் இவனிடம்தான் வர வேண்டும்.

பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயரை மறைத்து வேறு பெயர் சொல்லி வளர்ப்பதுபோல. வளர்ந்த ஆண்கள்!

எனக்கு உண்மைப் பெயர் தெரியும் என்றேன். "தொலைபேசியில் சொல்லாதீர்கள், அம்மா!" என்று பதறினான். பொலிசுக்குப் பயந்தவன் மாதிரி. சனிக்கிழமை மறுவாரம் டான்போர்த்தில் ஒரு மண்டபத்தில் பிற்பகல் முழுவதும் பாட்டாம். அங்கே வந்து அவன் காதுக்குள் மட்டும் பெயரைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் கசெற்றில் பதிந்து தருவான். எவருக்கும் கசெற் கொடுப்பதில்லையாம். ஒன்று கொடுத்தால் பத்துக் கைக்குப் போய்விடுமாம். எனக்கு மட்டும் கொடுப்பானாம்.

அது எங்களிடம் இருந்த தட்டேதான், ஆனாலும் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. விற்றவன் என் மகன். எனக்கு ஒருமுறை, கடைசிவரை கேட்டால் போதும். இந்தக் காது இருக்கும்போதே.

மார்ச் 24, ஞாயிறு

வானொலியில் அதைப் போடவில்லை. வேறு பாட்டுகள். காத்திருந்தேன்.

மார்ச் 31, குருத்து ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட்டு இந்தக் கொப்பியை மூட வேண்டும்.

காரில் போகும்போதே பேபி தொடங்கிவிட்டாள்.

"மச்சாள், தபசு காலத்திலை டான்ஸ் ஹோலுக்குப் போறம் எண்டு மரியம்மாவுக்குத் தெரிஞ்சுதோ, பங்குச் சுவாமி ரண்டு பேரையும் முழங்காலிலை விடுவார்."

"நான் ஆடப் போகேல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுவன். ஆனால் கால் தன்பாட்டிலை ஆடினால் நான் பொறுப்பில்லை."

பழைய படைவீரர்களின் மண்டபம். யன்னலை மறைத்திருந்தார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் நிலத்தில் குழந்தைப் பவுடரைத் தூவி, சறுக்கிச் சறுக்கிச் சுழன்று ஆடினார்கள். பேபி என் முழங்கையைப் பிடித்து, "மச்சாள், கரம் போட் விளையாடப் போகினமோ?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பின்சுவரோரம் மேசைகள். அங்கேதான் சேர்க்கிறவர்கள். பெட்டிகளுக்குள் விரலை விட்டு ஓடவிட்டுக்கொண்டு, ஒருவர் பெட்டியை மற்றவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு. டெறிக் பெரிய உடம்புக்காரன், மரியாதையானவன். எழுந்து நின்று கைகொடுத்தான். தட்டைக் காட்டினான். நடுவில் வெள்ளைத்தாள். தொடவிடவில்லை. முதலில் போடுகிறேன், பிறகு பேசுவோம் என்றான்.

ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் மெசின் கீச்சிட்டது. தாங்க முடியவில்லை, கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். டெறிக் மைக்கில் ஏதோ சொன்னான். பேபி என் இடது காதுக்குள் வந்து சொன்னாள்: "அதே பொய்ப் பேர்தான் சொல்லுறான் மச்சாள். ஓர்கன் வாசிச்சது டிற்றோயிற் பெடியன் ஒருத்தனாம். பள்ளிக்கூடத்துப் பெடியனாம்."

பெடியன்!

பாட்டுக்குப் பெயர் மாற்றினான், பாடியவளுக்கு மாற்றினான், பொறுத்தேன். பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது; எழுந்து மேசைக்குப் போனேன். குனிந்து அவன் காதுக்குள்தான் சொன்னேன். வேர்னா விற்லொக். நொற் பிபோர் சண்டே. டண்டாஸ் வீதி, 1970. ஓர்கன் வாசித்தது என் கணவர், யாழ்ப்பாணம் எஸ். அல்பேட். பெடியனல்ல. மதர் சுப்பீரியர் கற்றுத்தந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக.

டெறிக்கின் முகத்தில் இரத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆடினவர்கள் நின்றுவிட்டார்கள். பின்சுவரோரம் இருந்தவர்கள் பேனை எடுத்துக் கையில், சிகரெட் பெட்டியில், எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மேசையை நோக்கி ஓடிவந்தார்கள். டெறிக் ஊசியைத் தூக்கித் தட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். பாட்டு பாதியில்.

காரில் பேபி என் கைப்பையிலிருந்த மெசினை எடுத்துத் தந்தாள், மாட்டிக்கொண்டேன்.

"நான் அவன்ரை காதுக்குள்ளைதானே சொன்னனான்," என்றேன்.

"எந்தக் காதுக்குள்ளை மச்சாள்? மார்க்கத்திலை கஸ்பருக்கும் கேட்டிருக்கும்."

"நான் மெதுவாச் சொன்னனான்."

"நீங்கள் கத்தினீங்கள்." பிறகு மெல்ல, "உங்களுக்குத் தெரியேல்லை," என்றாள்.

நான் கத்துகிறவள் இல்லை. என் வாழ்நாளில் எவரையும் பார்த்துக் கத்தியதில்லை. எனக்கு என்ரை சத்தமே விளங்கேல்லையோ? அப்ப இவ்வளவு நாளும் வீட்டிலை, கோயிலிலை, எல்லாற்றை முகத்திலும் நான்—

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். இதைச் சொல்லவில்லை. பிழையைத் திருத்துவது பாவம் என்று எந்தக் கட்டளையில் இருக்கிறது? சுவாமியார் கூண்டுக்குள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மெதுவாகப் பேசட்டாம்.

ஏப்ரல் 21

டெறிக் தொலைபேசி எடுப்பதில்லை. பேபி வானொலி நிலையத்துக்கே நேரே போய், மார்ச் மாதத்து ஒலிநாடாவைக் கேட்டாள். ஒவ்வொரு வாரமும் அதே நாடாவின் மேல் பதிவார்களாம்.

மே 12

அன்னையர் நாளென்று பூங்கொத்து வந்தது. அதன் பின்னால் ஹமில்டனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சேர்க்கிறவர்கள். தேநீர் கொடுத்தேன். இன்னொரு பிரதி இருக்கிறதா, அச்சடித்த உறை இருக்கிறதா, வேர்னாவின் உறவினர் எங்கே என்று கேட்டார்கள். நான் பேசுவதைக் கவனமாக எழுதினார்கள். ஓர்கன் வாசித்தவர் என் கணவர் என்று சொன்னபோது பேனை ஓடவில்லை. தட்டில் அப்படி ஒரு பெயர் இல்லையே, அம்மா, என்றார் ஒருவர் பணிவாக. டிற்றோயிற்காரன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்களாம். பொய்ப் பெயரை அவிழ்த்து வீசினார்கள், அந்தப் பொய்யை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு கஸ்பர் வாசலில் நின்றான்.

"அம்மா, உது இவ்வளவு அருமையான சாமான் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ரை அப்பா வாசிச்சது எண்டு சொன்னனான்."

"அது வேறை. விலையைச் சொல்லேல்லை."

மருமகள் அவனை உள்ளே வரச்சொன்னாள். பூங்கொத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்கள். கார்னேஷன் பூக்கள்.

ஜூன் 20

டெறிக் பேபியோடு பேசியிருக்கிறான். விற்றுவிட்டான். பெயர் வெளியே வந்த பிறகு மறைத்து வைத்திருந்து பயனில்லையாம். இன்னொரு பிரதி எங்காவது கிளம்புமுன் கொடுத்துவிட வேண்டுமாம். வாங்கியவர் இங்கிலாந்தில், ஸ்ரோக் என்ற ஊரில் இருக்கும் ஒரு பெரிய சேர்ப்பாளர். கசெற் எடுத்தானா என்று பேபி கேட்டாள். இல்லை. அன்று பிற்பகல் பாட்டு முடிந்ததும் எனக்கென்று எடுக்க இருந்தானாம். வெறும் கசெற் ஒன்று அவனுடைய கோட்டுப் பைக்குள் இருந்ததாம்.

என்னில் கோபமில்லை என்று சொல்லச் சொன்னானாம். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள்

பூசையில் பேபியின் வாய் அசைந்தது, பாட்டு இல்லை. சிறிது நேரத்தில் வந்தது. எவருக்கும் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 29

காலமை எழும்பினன். ஒண்டும் இல்லை. தண்ணிக் குழாயைத் திறந்தன், ஒண்டும் இல்லை. தேத்தண்ணிக் கேத்திலை நிலத்திலை போட்டன் — ஒண்டுமே இல்லை. கஸ்பர் ஓடிவந்து வாயைத் திறக்கிறான். ஆண்டவரே, என்ன வாய் அது, மீன் மாதிரி. நான் ஏதோ சொன்னன். என்ன சொன்னன் எண்டு தெரியேல்லை. சத்தமாச் சொன்னேனோ? பேரப்பிள்ளையள் காதைப் பொத்திச்சுதுகள்.

ஒக்ரோபர் 8

வைத்தியர் தாளில் எழுதிக் காட்டினாள். திரும்பாது. இம்முறை தோளைக் குலுக்கவில்லை.

கஸ்பர் இப்போது எனக்கு எல்லாவற்றையும் எழுதித்தான் தருகிறான். பெரும்பாலும் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கம். சோறு வேணுமா. குளிருதா. இன்று ஒன்று: 'தட்டு வாங்கின அந்த மனுசனை நிப்பாட்டி ஒருக்கால் உங்களைக் கேட்டிருக்கலாம் அம்மா.' அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தலையை ஆட்டினேன். என்ன பொருளில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 10

நாள் முழுவதும் அந்தப் பாட்டைத் தலைக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறேன். வேர்னாவின் குரல் வருகிறது. ஓர்கன் வருகிறது. முடிவு வருகிறது. முதலாவது சுரம். இரண்டாவது.

நேரத்துக்கு வருகிறது. பிந்தவில்லை. எத்தனை முறை ஓடவிட்டாலும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறது. அவர் அப்படி வாசிக்கவில்லை. ஒருநாளும் வாசிக்கவில்லை. நான்தான் திருத்தி வைத்திருக்கிறேன்.

இனி அவரை எங்கே போய்க் கேட்பது?

நவம்பர் 17

பேபி வந்தாள். ஒரு தாளில் எழுதினாள்: 'டெறிக் ஸ்ரோக்கிலை இருக்கிறவரின்ரை விலாசம் தந்தவன். கசெற் எடுத்து அனுப்பச் சொல்லட்டாம், ஓம் எண்டு சொல்லுவாராம்.' எழுதி முடிந்ததும் தான் எழுதியதையே பார்த்தாள். பிறகு தாளைக் கசக்கப் போனாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டிசெம்பர் 1, ஞாயிறு

இங்கிலாந்துக்கு இன்று எழுதிய கடிதத்தைத் தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் நான்கு முறை எழுதினேன். பேபி நாளை தபாலில் சேர்ப்பாள்.

ஐயா,

வேர்னா விற்லொக் பாடிய 'நொற் பிபோர் சண்டே' என்ற தட்டு உங்களிடம் இருப்பதாக அறிகிறேன். அது உங்களுடையது. அதன்மேல் எனக்கு உரிமை எதுவும் இல்லை.

அதில் ஓர்கன் வாசித்தவர் டிற்றோயிற்காரர் அல்ல. என் கணவர் எஸ். அல்பேட், யாழ்ப்பாணத்தவர். வாசித்தபோது நான் அங்கே இருந்தேன். எனக்குத் தெரிந்தவரை வேறு சாட்சி இப்போது உயிரோடு இல்லை.

பாட்டின் முடிவில் இரண்டு நீண்ட சுரங்கள் வரும். இரண்டாவது பிந்தி வரும். அது பிழையல்ல. யாராவது இந்தப் பாட்டை மறுபடி வெளியிட்டால் தயவுசெய்து திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டவும் வேண்டாம்.

கசெற் அனுப்ப வேண்டாம். தொலைபேசியிலும் அழைக்க வேண்டாம். எனக்குக் காது கேட்பதில்லை.

தட்டின் உறையில் பென்சிலாலாவது அவருடைய பெயரை எழுதிவிடுங்கள். எழுதியபின், எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எழுத்தில் எனக்குப் பதில் தரவும்.

இங்ஙனம்,
திருமதி ஸ்ரெல்லா அல்பேட்